மூன்று சக்கரத்துக்கு நாலு எலுமிச்சம்பழம்

தங்கையைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வர அண்ணன் போவது எங்கள் பக்கம் பெரிய விஷயமில்லை. திண்டிவனத்திலோ திருச்சியிலோ கட்டிக்கொடுத்திருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்திருக்கும். சாரதாவைக் கட்டிக்கொடுத்தது திருகோணமலையில். ஆகவே பாஸ்போர்ட் எடுத்து, கப்பலேறி, ரயிலேறிப் போய்ச் சேர்ந்தேன். புறப்படும்போது வீட்டில் இரண்டு கொடுத்தனுப்பினார்கள். ஒன்று, அம்மா சுட்ட தட்டை ஒரு டின். இன்னொன்று, "அவளில்லாமல் நீ திரும்பி வர வேண்டாம்" என்ற அப்பாவின் வார்த்தை. தட்டை கப்பலிலேயே தீர்ந்துவிட்டது.

பல்லாவரத்தில் எங்கள் வீட்டு ஓட்டுக்கு மேலே எந்நேரமும் விமானம் போகும். மீனம்பாக்கம் அவ்வளவு பக்கம். அந்த விமானங்களில் ஒன்றை ஓட்டக் கற்றுக்கொள்ளத் திருகோணமலையிலிருந்து வந்து, எங்கள் மாடியறையில் குடியிருந்தவர்தான் செல்வராசா. அப்பாவுக்கு விமானம் ஆகாது. ரேடியோவில் கச்சேரி கேட்கும்போதெல்லாம் அது குறுக்கே போகும். இருந்தும் பையனைப் பிடித்துப்போய்ச் சாரதாவைக் கொடுத்தார். ஊருக்குப் போய்த் துறைமுகத்தில் இயந்திர வேலை பார்ப்பேன் என்று அவர் சொல்லியிருந்தார், பார்க்கவும் செய்தார். இரண்டு வருஷம் கழித்து, "இவருக்கு பிளேன் ஓட்டுகிற வேலை வரும்போல இருக்கிறது" என்று சாரதா எழுதினாள். அன்று அப்பா மத்தியானம் சாப்பிடவில்லை.

ஸ்டேஷனுக்கு மாப்பிள்ளை சைக்கிளோடு வந்திருந்தார். பெட்டியைப் பின்னால் கட்டினார். மிச்சமிருந்த இடம் முன்கம்பி.

"ஏறுங்கோ மச்சான், வெக்கப்படாதேங்கோ. இஞ்ச ஒருத்தரும் பாக்க மாட்டினம்."

எல்லாரும் பார்த்தார்கள். தோல் மண்டியில் மேஸ்திரியாக இருக்கிற, லேசான தொப்பையுள்ள ஒரு மனிதன் சைக்கிள் கம்பியில் உட்கார்ந்து போவதை யார்தான் பார்க்க மாட்டார்கள். கடற்கரைத் தெருவில் திரும்பும்போது ஒரு மான் குறுக்கே வந்தது. எங்கள் ஊரில் மாடு வரும், இங்கே மான். மாடாவது நம்மைப் பார்த்தபின் யோசிக்கும். மாப்பிள்ளை மானைத் தவிர்த்து, எங்கள் இருவரையும் ஒரு தென்னங்கீற்றுக் கிடுகு வேலிக்குள் கொண்டுபோய் விட்டார். விமானம் ஓட்ட லைசென்ஸ் வைத்திருக்கிறவர் என்ற நினைப்பு அப்போதுதான் எனக்கு வந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

அன்புவழிபுரத்தில் சின்ன வீடு. வாசலில் சாரதா நின்றாள். ஏழு மாத வயிறு. "வாங்கோ அண்ணா, கதிரையில இருங்கோ" என்று நாற்காலியைக் காட்டினாள். எனக்குப் பின்னால் யாராவது வந்திருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். இரண்டே வருஷத்தில் பல்லாவரத்தை நாக்கிலிருந்து கழுவிவிட்டிருந்தாள். சாப்பாட்டுக்குப் பிட்டு. நாங்கள் புட்டுக்குச் சர்க்கரையும் வாழைப்பழமும் வைத்துப் பழகியவர்கள். இவர்கள் பாரைமீன் குழம்பும், தேங்காய்ப்பால் சொதியும், கண்ணில் நீர் வரவைக்கிற ஒரு சம்பலும் வைக்கிறார்கள். முதல் கவளத்தில் இது சரியில்லை என்று நினைத்தேன். மூன்றாம் தட்டில் நாங்கள் இத்தனை நாள் செய்ததுதான் சரியில்லை என்று தோன்றியது.

கை கழுவியதும் வந்த காரியத்தைச் சொன்னேன்.

"இப்ப ஏலாது அண்ணா" என்றாள்.

எங்கள் ஊரில் 'முடியாது' என்று சொன்னால் பேரம் பேச இடமிருக்கும். 'ஏலாது' என்பதில் அந்த இடமில்லை என்று அன்று தெரிந்துகொண்டேன். காரணத்தைச் சொன்னாள். உப்புவெளியில் ஒரு முதலாளி இருக்கிறார். லொறிகளும் ஐஸ் தொழிற்சாலையும் வெள்ளைக்காரர் தங்குகிற விடுதியும் அவருடையவை. விருந்தாளிகளுக்கு மேலேயிருந்து துறைமுகத்தைக் காட்ட, பழைய சின்ன விமானம் ஒன்றை வாங்கியிருக்கிறார். நாளை மறுநாள் அதன் முதல் ஓட்டம். நன்றாக முடிந்தால் மாப்பிள்ளைக்கு வேலை நிரந்தரம்.

"வேலை நிரந்தரமெண்டா நான் வாறன். இல்லையெண்டா இந்த மனுசனைத் தனிய விட்டுட்டு வர ஏலாது. சாப்பிடாமக் கிடந்து செத்துப்போயிடும்" என்றாள். சாகப் போகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து நாலாம் தட்டுப் பிட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "நீங்களும் இவரோட ஏறுங்கோ அண்ணா. நீங்க ஏறி இறங்கினாத்தான் அப்பா நம்புவார்."

எனக்குத் தலைவலி என்று சொன்னேன். கோடாலித் தைலம் கொடுத்தாள்.

மறுநாள் முதலாளியைப் பார்க்க பஸ்ஸில் உப்புவெளிக்குப் போனோம். சல்லிக் கிராமத்துக்குப் போகிற அம்மா ஒருத்தி, என் மடியைக் காலி இடமாக எண்ணி, ஒரு கருவாட்டுக் கடகப்பெட்டியை அதில் வைத்தாள். "மணக்குதோ தம்பி?" என்று கேட்டாள். நான் தோல் மண்டிக்காரன், எனக்கு இதெல்லாம் சாம்பிராணி என்றேன். சந்தோஷப்பட்டு, நாங்கள் இறங்கும்போது இரண்டு கருவாடு கொடுத்தாள். அவற்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு முதலாளியின் விடுதிக்குள் போனேன்.

முதலாளி வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. நல்ல மனிதர். ஆனால் பத்து விநாடிக்கு மேல் அடுத்தவர் பேச்சைக் கேட்டுப் பழக்கமில்லாதவர். வெயிலில் காய்ந்துகொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரி அவரைக் கூப்பிட்டு, விமானம் பாதுகாப்பானதுதானா என்று இங்கிலீஷில் கேட்டாள். "மிகவும் பாதுகாப்பு. நாளைக்குப் பூசை வைக்கிறோம்" என்று அவர் பதில் சொன்னார். அவள் யோசித்துவிட்டுக் கடலில் குளிக்கப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் காலையில் சீனக்குடா ஓடுதளத்தில் எல்லாரும் கூடினோம். முதலாளி சாரதாவை ஏற்றிவரத் தன் காரையே அனுப்பியிருந்தார். விமானத்தைப் பார்த்தேன். முன்னால் இரண்டு இருக்கை, பின்னால் இரண்டு. எங்கள் மண்டி வண்டி இதைவிடக் கனம். மூக்குக்குக் கீழே ஒரு சக்கரம், வயிற்றுக்குக் கீழே இரண்டு. அந்தக் கணக்கு முக்கியமானது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

முதலாளியின் லொறிகளுக்கெல்லாம் பூசை செய்த ஐயர் தட்டோடு வந்தார். தேங்காய், கற்பூரம், குங்குமம் தடவிய நாலு எலுமிச்சம்பழம். அங்கே அதைத் தேசிக்காய் என்கிறார்கள். வண்டிச் சக்கரத்துக்கு அடியில் ஒவ்வொன்று வைத்து, நசுக்கிக்கொண்டு புறப்படுவது இரண்டு கரையிலும் ஒரே வழக்கம்தான். ஐயர் மூக்குச் சக்கரத்துக்கு ஒன்று வைத்தார். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. கையில் ஒன்று மிஞ்சியது. விமானத்தை இன்னொரு முறை சுற்றி வந்தார்.

"மற்றச் சில்லு எங்க?"

"மூண்டுதான் ஐயா" என்றார் மாப்பிள்ளை.

"மூண்டு சில்லில இது என்னெண்டு நிக்குது?"

"நிக்குது பாத்தீங்களோ!" என்றார் முதலாளி, அதைத் தானே செய்தவர்போல.

பழம் ஐயர் கையிலேயே இருந்தது. மந்திரித்ததை எறியக் கூடாது. வாகனத்துக்கென்று மந்திரித்ததை வாகனத்தோடுதான் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். முதலாளி ஒரு விநாடிகூடத் தாமதிக்கவில்லை. பழத்தை வாங்கினார். கதவைத் திறந்தார். கண்ணாடிக்குக் கீழே, ஓட்டுகிறவருக்கு நேர் எதிரே இருந்த விளிம்பில் ஒரு பிடி சந்தனத்தை அப்பி, அதன்மேல் பழத்தை நிறுத்தினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார்: "முதலாளி, உள்ளுக்க உருளுற சாமான் வைக்கக் கூடாது."

"சாமான் இல்லத் தம்பி. அது அம்மன்."

இதற்கு மேல் என்ன சொல்வது? நிரந்தர வேலைக்காரனாக இருந்தால் ஏதாவது சொல்லலாம். "மேல போன உடன எடுப்பம்" என்று மாப்பிள்ளை என்னிடம் மட்டும் முணுமுணுத்தார். முதலாளியையும் ஏறச் சொன்னோம். கீழே நின்று பார்த்தால்தான் வடிவாகத் தெரியும் என்றார். நான் சாரதாவைப் பார்த்தேன். வேலியோரம் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். ஏறிவிட்டேன்.

மூன்று பழங்களும் நசுங்கின. கூட்டம் கை தட்டியது. விமானம் ஓடியது, குலுங்கியது, பிறகு குலுங்காமல் ஓடியது. பறக்கிறோம் என்பது அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கண்ணைத் திறந்தேன். கீழே துறைமுகம். இடப்பக்கம் காட்டுக்குள், வெள்ளைக்காரன் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் கவிழ்த்து வைத்த அண்டாக்களாக வரிசையாய் நின்றன. அழகு என்று சொல்ல வாயெடுத்தேன்.

சந்தனம் வெயிலில் காய்ந்துவிட்டிருந்தது. பழம் அசைந்தது. உருண்டது. மாப்பிள்ளையின் மடியில் விழுந்து, முழங்காலில் இறங்கித் தரைக்குப் போயிற்று. அதே சமயம் அவர் விமானத்தின் மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தினார். பழம் அவருடைய இரண்டு செருப்புக்கும் நடுவே முன்னால் ஓடி மறைந்தது. இவ்வளவையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிடிக்கலாம் என்றால் என் இரண்டு கையும் இருக்கையைப் பிடித்திருந்தன.

விமானம் இடப்பக்கம் இழுத்தது. அதை நேராக்க வலது கால் மிதியை அழுத்த வேண்டும். மாப்பிள்ளை அழுத்தினார். மிதி போகவில்லை. மறுபடியும் அழுத்தினார். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். கண்ணாடிக்கு எதிரே இருந்த துறைமுகம் நகர்ந்து, எண்ணெய்த் தாங்கிகள் வந்து நின்றன. நாங்கள் இருந்தது இரண்டு தென்னை உயரம்.

"மச்சான், பெல்ட்டை இறுக்குங்கோ" என்றார். இன்னும் கொஞ்சம் சொதி விடவா என்று கேட்கிற அதே குரல்.

பிறகு எஞ்சினை அடக்கிவிட்டார். அவ்வளவு நேரம் காதைப் பிளந்த சத்தம் நின்றதும் எனக்குச் சாவு பயம் வந்தது. அதைவிட, வேலியோரம் அவள் பார்த்துக்கொண்டு நிற்கிறாளே என்ற நினைப்புத்தான் பெரிதாக வந்தது. எஞ்சின் அடங்கியதும் இழுப்பும் அடங்கியது. அவர் கைப்பிடியை வலப்பக்கம் திருப்ப, தாங்கிகள் விலகின. தண்ணீர் வந்தது.

திருகோணமலைத் துறைமுகம் ஆழத்துக்குப் பேர்போனது. எவ்வளவு பெரிய கப்பலும் உள்ளே வரலாமாம். நாங்கள் இறங்கிய ஓரம் மட்டும் இடுப்பளவு. மூக்கு சேற்றில் குத்தியது. வால் மேலே நின்றது. நான் பெல்ட்டில் தொங்கிக்கொண்டு, என் கை கால்களை ஒவ்வொன்றாக விசாரித்தேன். எல்லாம் இருந்தன. மாப்பிள்ளை தலையைத் தண்ணீருக்குள் விட்டு, மிதிக்குப் பின்னால் கையைக் கொடுத்து எதையோ பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு என் பெல்ட்டைக் கழற்றி, என்னைத் தோளில் சாய்த்து வெளியே கொண்டுவந்தார். அவர் நெற்றியில் ரத்தம் வடிந்தது. சைக்கிளை வேலிக்குள் விட்டதற்காக அவர்மேல் எனக்கிருந்த மனத்தாங்கல் அந்த நிமிஷத்தோடு போய்விட்டது.

பக்கத்தில் ஒரு வள்ளத்தில் இரண்டு மீனவர்கள் எங்களை நோக்கித் தண்டு வலித்து வந்தார்கள். கை நீட்டிக் காப்பாற்றுவார்கள் என்று நானும் கையை நீட்டினேன்.

"அண்ணை, காலைத் தூக்கி வையுங்கோ! கீழ எங்கட வலை கிடக்கு!"

தூக்கி வைத்தேன். அதன் பிறகு காப்பாற்றினார்கள்.

கரைக்கு வந்தபோது சாரதா அங்கே நின்றாள். புருஷனை உச்சியிலிருந்து பாதம்வரை பார்த்தாள். "செருப்பு எங்க?" என்று கேட்டாள். அவர் குனிந்து பார்த்தார். ஒரு காலில்தான் இருந்தது. "மற்றது உள்ளுக்க கிடக்கு" என்றார். அவ்வளவுதான், அவருடைய நனைந்த சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். நான் எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கும் அழுகை வந்தது.

முதலாளி வந்து சேர்ந்தார். முதலில் விமானத்தைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

"அம்மன்ர தேசிக்காய் உள்ளுக்க இல்லாட்டி இண்டைக்கு ரெண்டு பிரேதம்!"

ஐயர் தலையாட்டினார். கூட்டம் முழுக்கக் கையெடுத்துக் கும்பிட்டது. வள்ளக்காரர்களும் கும்பிட்டார்கள். அதே மூச்சில் முதலாளி மாப்பிள்ளையைப் பார்த்து, "அம்மன் காப்பாத்தினா. நீர் விழுத்தினீர். கொழும்பில இருந்து விசாரிக்க வருவினம், ஓட்டினவன்ர பிழை எண்டுதான் நான் சொல்லுவன்" என்று முடித்தார். அப்படிச் சொன்னால் வேலை மட்டுமல்ல, லைசென்ஸும் போகும். நான் வாயைத் திறந்தேன். மாப்பிள்ளை என் கையை அழுத்தினார்.

"வேண்டாம் மச்சான். சனம் கும்பிட்டுக்கொண்டு நிக்குது. அதுக்குள்ள நான் என்னெண்டு சொல்லுறது?"

சாயந்தரம் வீட்டில் அந்தப் பழத்தை மேசைமேல் வைத்தார். குங்குமம் இன்னும் போகவில்லை. ஒரு பக்கம் தட்டையாகி, அதில் மிதியின் இரும்பு வரிகள் வரிவரியாகப் பதிந்திருந்தன. கருவாட்டைப் பொரித்துச் சாப்பிட்டோம். சட்டைப்பையில் மறந்து கிடந்து, அதுவும் என்னோடு விழுந்தெழுந்ததுதான்.

மறுநாள் முதலாளி வந்தார். கதிரையில் உட்கார்ந்து, வெயிலைப் பற்றியும், மழை பிந்துவதைப் பற்றியும், சேற்றிலிருந்து விமானத்தை லொறி கட்டி இழுத்த கதையையும் சொன்னார். நாக்கில் வேறொன்று இருக்கிறது என்று தெரிந்தது. கடைசியில் வந்தது.

"தம்பி, நீர் நல்ல பொடியன். ஆனா ஓட்டுறதுக்குக் கை காணாது. நான் வேற ஆளைப் பாக்கிறன்."

சாரதா எழுந்து சமையலறைக்குள் போனாள். ஒரு தட்டில் அந்தப் பழத்தையும் கத்தியையும் கொண்டுவந்து முதலாளி முன்னால் ஸ்டூலில் வைத்தாள்.

"இதை உங்களுக்கு அடையாளம் தெரியுதோ?"

முதலாளி குங்குமத்தைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "எங்க பிள்ளை எடுத்தது?"

"இவற்ற வலது கால் மிதிக்குப் பின்னால." பழத்தைத் திருப்பி வைத்தாள்.

முதலாளி வரிகளைப் பார்த்தார். பெருவிரலால் ஒவ்வொரு வரியாகத் தடவினார். முதலாளிக்கு லொறி ஓட்டத் தெரியும். மிதி தெரியாதவரில்லை. இனிப் பிடி கிடைத்துவிட்டது, கொழும்புக்காரர்கள் வரட்டும், காட்டுவோம் என்று எனக்குள் ஒரு வேகம் வந்தது.

சாரதா கத்தியை எடுத்துப் பழத்தை இரண்டாக அறுத்தாள்.

"ஐயோ" என்றேன் நான்.

"மிஞ்சினதை எறியக் கூடாது எண்டு ஐயர் சொன்னது சரிதான்" என்றாள், பிழிந்துகொண்டே. "எங்கட பல்லாவரத்தில கோயில் பழம் மிஞ்சினாக் கரைச்சுக் குடிச்சிடுவம். காலுக்குக் கீழ போகாது." கைவசம் இருந்த ஒரே சாட்சியை டம்ளருக்குள் பிழிந்து, தண்ணீர் விட்டு, உப்புப் போட்டுக் கலக்கி அவர் கையில் கொடுத்தாள். தோலைக் கொண்டுபோய் ஊறுகாய்ச் சாடிக்குள் போட்டுவிட்டாள். இனி அந்தப் பழம் எங்கே கிடந்தது என்று யாரும் நிரூபிக்க முடியாது. சொல்வதாக இருந்தால் முதலாளி தானாகவே சொல்ல வேண்டும்.

முதலாளி டம்ளரைப் பார்த்தார். மாப்பிள்ளையின் நெற்றிக் கட்டைப் பார்த்தார். சாரதாவின் வயிற்றைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, பிரசாதம் குடிக்கிறமாதிரி ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

"உப்புக் காணாது" என்றார்.

எழுந்து வாசல்வரை போனார். செருப்பைப் போட்டுக்கொண்டே, எங்களைப் பார்க்காமல் பேசினார்.

"கொழும்பாக்கள் வந்தா, நான் வச்ச தேசிக்காய் மிதிக்குக் கீழ போட்டுது எண்டு சொல்லுறன். சிரிச்சா சிரிக்கட்டும். தம்பி, பிளேன் திருந்தி வரும் மட்டும் ஐஸ் மெசினைப் பாரும். சம்பளம் பிளேன் சம்பளம்தான்." ஒரு படி இறங்கினார். "அடுத்த முறை ஐயரை மூண்டு கொண்டரச் சொல்லுவம்."

சாரதா அன்று மத்தியானமே துணி மடிக்க ஆரம்பித்தாள். நான் பேரம் பேசவில்லை.

ஸ்டேஷனில் மாப்பிள்ளை ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார். நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லி அவள் அவரையும், நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லி அவர் அவளையும் வற்புறுத்தினார்கள். ரயில் அசைந்தபோது நினைவு வந்தவர்போல ஒரு காகிதப் பொட்டலத்தை என் கையில் திணித்தார். "முதலாளி தந்துவிட்டவர் மச்சான். கப்பலுக்கெண்டு ஐயரிட்ட மந்திரிச்சது." பிரித்துப் பார்த்தேன். குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம், ஒன்றே ஒன்று.

தலைமன்னாரில் கப்பல் சங்கு ஊதிவிட்டது. எல்லாரும் வரிசையில் முண்டினார்கள். நான் சாரதாவை ஒரு தேநீர்க் கடை பெஞ்சில் உட்காரவைத்து, கடைக்காரரிடம் கத்தியும் இரண்டு கிளாஸ் தண்ணீரும் உப்பும் கேட்டேன். அவள் ஒன்றைக் குடித்தாள், நான் ஒன்றைக் குடித்தேன். அதற்குப் பிறகுதான் கப்பலேறினோம்.

உப்பு சரியாக இருந்தது.